போருக்குப் பிறகு ஜப்பானியர்மீது அமெரிக்கருக்கு இருந்த வெறுப்பு எங்கே போயிற்று?

கடலோடி எழுதியது:

பசிபிக் போரின் சண்டைகளைப் பற்றி இக்களத்தில் நிறையவே பேசியிருக்கிறோம். போர் ஓய்ந்த பின் வென்றவர்களின் மனத்தில் தோற்றவர்களைப் பற்றிய எண்ணம் எப்படி மாறியது என்பதை மட்டும் யாரும் எடுத்துப் பேசவில்லை. அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1944 டிசம்பரில் கேலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், போர் முடிந்ததும் ஜப்பானை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, அமெரிக்கர்களில் 13 சதவீதத்தினர் ஜப்பானியர் அனைவரையும் கொன்றுவிட வேண்டும் என்று பதில் சொன்னார்கள். படைகளை மட்டுமல்ல, மக்களையும் சேர்த்துத்தான். அதே ஆண்டு மே மாதத்தில் லைஃப் இதழ் முழுப் பக்கத்துக்கு ஒரு படத்தை வெளியிட்டது. ஒழுங்காகத் தலைவாரி, நல்ல உடை அணிந்த ஓர் இளம்பெண் மேசைமுன் அமர்ந்து, பேனாவைக் கையில் பிடித்தபடி, எதிரே வைத்திருக்கும் மண்டையோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது ஒரு ஜப்பானியப் படைவீரனின் மண்டையோடு. கடற்படையில் இருந்த அவளுடைய காதலன் பரிசாக அனுப்பியது. அவள் அதற்கு நன்றிக் கடிதம் எழுதுகிறாள். போர் முடிந்த பிறகும் வெறுப்பு உடனே தணிந்துவிடவில்லை. 1945 டிசம்பரில் ஃபார்ச்சூன் இதழ் நடத்திய கணிப்பில் ஏறத்தாழ 23 சதவீதத்தினர், ஜப்பான் சரணடைவதற்குள் இன்னும் பல அணுகுண்டுகளை வீசியிருக்கலாமே என்று வருந்தினார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1957 ஜூனில், ஜப்பானியப் பிரதமர் கிஷி நொபுசுகே வாஷிங்டன் வந்து குடியரசுத் தலைவர் ஐசனோவருடன் கோல்ஃப் ஆடினார். இவர் 1941இல் அமெரிக்காவுக்கு எதிராகப் போர் அறிவித்த டோஜோ அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர். போர்க்குற்றச் சந்தேகத்தின் பேரில் சுகமோ சிறையில் மூன்று ஆண்டுகள் அடைபட்டு, விசாரணையே இல்லாமல் 1948இல் வெளியே வந்தவர்.

வெறுப்பு அன்பாக மாறியது என்று இதை விளக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. எதிரி மாறினான், அதனால் நண்பனும் மாற வேண்டியதாயிற்று. 1948 தொடக்கம் வாஷிங்டன் ஜப்பானைத் தண்டிக்கும் திட்டங்களைக் கைவிட்டு, பொதுவுடைமைக்கு எதிரான தொழிற்கூடமாக அதை நிமிர்த்தத் தொடங்கியது. 1949இல் சீனா செஞ்சீனமாயிற்று. 1950 ஜூனில் கொரியாவில் போர் மூண்டது. போர்க்காலத்தில் நல்ல ஆசியர் என்று போற்றப்பட்ட சீனரும், கெட்ட ஆசியர் என்று தூற்றப்பட்ட ஜப்பானியரும் ஐந்தே ஆண்டுகளில் இடம் மாறிக்கொண்டார்கள். 1941 டிசம்பரில் சீனரையும் ஜப்பானியரையும் முகத்தைப் பார்த்து எப்படி வேறுபடுத்துவது என்று படம் போட்டு விளக்கியதும் இதே லைஃப் இதழ்தான்.

நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செங்காந்தள் எழுதியது:

கடலோடி ஐயா, ஜப்பான் என்ற நாட்டைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த ஜப்பானியர்களை இக்கேள்வியிலிருந்து விட்டுவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். அந்தப் பாதியில் மனமாற்றம் மேலிடத்து உத்தரவால் வரவில்லை.

1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட நிர்வாக ஆணை 9066இன்படி மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு, வயல், கடை அனைத்தையும் விட்டுவிட்டு முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமக்கள். இதில் அச்சம் மட்டும் வேலை செய்யவில்லை. பேராசையும் வேலை செய்தது. கலிபோர்னியாவின் சாலினாஸ் பகுதிக் காய்கறி உற்பத்தியாளர் சங்கத்தின் பிரதிநிதி ஒருவர், சுயநலத்துக்காகத்தான் ஜப்பானியரை விரட்ட விரும்புகிறோம் என்று 1942இலேயே ஒரு வார இதழுக்கு ஒளிவுமறைவின்றிச் சொன்னார். ஹவாயைப் பாருங்கள். குண்டு விழுந்த இடமே அதுதான். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அங்கே ஜப்பானிய வழியினர். ஆனாலும் மொத்தமாக அவர்களை யாரும் அப்புறப்படுத்தவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் தீவின் பொருளாதாரமே நின்றுபோயிருக்கும்.

1945 ஜனவரியில் தடை நீங்கி மக்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். கலிபோர்னியாவின் பிளேசர் மாவட்டத்தில் முதலில் திரும்பிய ஒரு குடும்பத்தின் பழக்கிடங்குக்குத் தீ வைக்கவும் வெடி வைக்கவும் முயன்றார்கள், துப்பாக்கியாலும் சுட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அப்போது அமெரிக்கப் படையில் இருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். இது வெள்ளையரின் நாடு என்பதே அவர்களுடைய வழக்கறிஞரின் வாதமாக இருந்தது. ஓரிகன் மாநிலத்தின் ஹூட் ரிவர் ஊரில் முன்னாள் படைவீரர் சங்கத்தார், போருக்குச் சென்றோரின் பெயர்கள் எழுதிய சுவரிலிருந்து 16 ஜப்பானிய வழி இளைஞர்களின் பெயர்களை 1944 நவம்பரில் அழித்தார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. வெளிநாட்டுப் போர்முனைகளில் இருந்த வெள்ளை வீரர்களே சினந்து கடிதம் எழுதினார்கள். அடுத்த ஏப்ரலில் பெயர்கள் மீண்டும் எழுதப்பட்டன.

இந்தக் கண்டனத்துக்கு யாரும் ஆணையிடவில்லை. பனிப்போர் அப்போது தொடங்கவும் இல்லை. ஜெர்மனியோடு போரே முடியாத காலம் அது.

வழிப்போக்கன் எழுதியது:

செங்காந்தள் சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இரண்டாம் தலைமுறையினரைக் கொண்ட 442ஆவது படைப்பிரிவின் பங்கு பெரிது. 1944 அக்டோபரில் பிரான்சின் வோஷ் மலைக்காட்டில் ஜெர்மானியர் சூழ்ந்துகொண்ட டெக்சாஸ் வீரர்கள் 211 பேரை இவர்கள் மீட்டார்கள். அதற்காக இவர்கள் தரப்பில் இறந்தவர்களும் காயமுற்றவர்களும் மீட்கப்பட்டவர்களைக் காட்டிலும் பல மடங்கு அதிகம். 1946 ஜூலை 15 அன்று கொட்டும் மழையில் ட்ரூமன் இவர்களின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, நீங்கள் எதிரியோடு மட்டுமன்றித் தப்பெண்ணத்தோடும் போரிட்டு வென்றிருக்கிறீர்கள் என்றார்.

வென்றது உண்மையானால், அதே படைப்பிரிவில் வலக்கையை இழந்த டேனியல் இனோவே, பதக்கங்கள் அணிந்த சீருடையோடு சான் பிரான்சிஸ்கோ பக்கத்து முடிதிருத்தகம் ஒன்றுக்குள் நுழைந்தபோது, ஜப்பானியருக்கு இங்கே முடி வெட்டுவதில்லை என்று திருப்பி அனுப்பியது ஏன்? அவர் பின்னாளில் ஹவாயின் செனட்டராக அரைநூற்றாண்டு இருந்தார் என்பது வேறு. நாற்காலியில் உட்காரும் உரிமைக்கு ஒருவன் கையை விலையாகக் கொடுக்க வேண்டும் என்பதையும், கொடுத்த பிறகும் அது கிடைக்காது என்பதையும் என்னால் மனமாற்றம் என்று எண்ண முடியவில்லை.

ஏடறிவோன் எழுதியது:

ஜப்பானை அமெரிக்கப் படை ஆக்கிரமித்திருந்த காலத்தை யாரும் தொடவில்லை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1945 ஆகஸ்டு 30 அன்று ஆக்கிரமிப்புப் படையின் தலைவரான ஜெனரல் மக்கார்தர் ஜப்பானின் அட்சுகி விமானத்தளத்தில் இறங்கியபோது, கடைசி மனிதன் வரை எதிர்ப்பார்கள் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய அமெரிக்க வீரர்கள் அங்கே கண்டது எரிந்து சாம்பலான நகரங்களையும் பசியால் வாடிய மக்களையும்தான். அதிலிருந்து 1952 ஏப்ரல் வரை இலட்சக்கணக்கான அமெரிக்க இளைஞர்கள் அந்நாட்டில் மாறி மாறிப் பணியாற்றினார்கள். சுவரொட்டியில் பல்லிளிக்கும் குரங்காக மட்டுமே ஜப்பானியரைப் பார்த்திருந்தவன், காய்கறிக்காரியையும் பள்ளிச் சிறுவனையும் நாள்தோறும் பார்த்தான். இந்தப் பழக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆயினும் சமமானவர்களின் பழக்கமாக அது இருக்கவில்லை. வென்றவனிடம் சோறும் சிகரெட்டும் இருந்தன. தோற்றவனிடம் எதுவும் இல்லை. அங்கே பிறந்தது பெரும்பாலும் பாதுகாவலனின் பரிவு. 1951 மே மாதம் செனட் குழுமுன் சாட்சியம் அளித்த மக்கார்தர், நாகரிக வளர்ச்சியை அளந்தால் ஜப்பானியர் பன்னிரண்டு வயதுச் சிறுவனைப் போன்றவர்கள் என்றார். அவரைத் தெய்வமாகக் கொண்டாடி வழியனுப்பியிருந்த ஜப்பானியருக்கு அது ஆறாத புண்ணாயிற்று. குரங்காகவும் அரக்கனாகவும் வரைந்தவனைச் சிறுவனாக வரைந்தார்கள். படம் மாறியது; வரைபவனின் கை மாறவில்லை.

இன்னொரு பக்கம் திருமணங்கள். 1924ஆம் ஆண்டுச் சட்டம் ஜப்பானியர் குடியேறுவதை முற்றிலும் தடுத்திருந்ததால், ஜப்பானியப் பெண்ணை மணந்த படைவீரன் அவளை ஊருக்கு அழைத்துவர முடியாமல் தவித்தான். 1947இல் குறுகிய காலத்துக்கு ஒரு விலக்கு கிடைத்தது. 1952இல் மெக்கரன்-வால்ட்டர் சட்டம் வந்த பிறகே வழி நிலையாகத் திறந்தது. பல்லாயிரம் பெண்கள் மனைவியராக வந்து சேர்ந்தார்கள். ஜப்பானியர் ஒருவரைக்கூட நேரில் பார்த்திராத சிற்றூர்களில், மாமியார் வீட்டுச் சமையலறையில் நின்று புது மொழியும் புது உணவும் கற்றுக்கொண்ட அந்தப் பெண்கள் செய்த வேலையை எந்த இராஜதந்திரியும் செய்திருக்க முடியாது. பல மாநிலங்களில் இத்தகைய கலப்புத் திருமணமே அன்று சட்டப்படி செல்லாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த 1952ஆம் ஆண்டுச் சட்டம்தான், முப்பது நாற்பது ஆண்டுகள் அமெரிக்க மண்ணில் உழைத்திருந்தும் நிறத்தின் பேரால் குடியுரிமை மறுக்கப்பட்ட முதல் தலைமுறையினருக்கு அவ்வுரிமையைக் கொடுத்தது. 1922இல் ஒசாவா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜப்பானியருக்குச் சாத்திய கதவு அது. அடுத்த ஆண்டே பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியருக்கும் அதே கதவைச் சாத்தினார்கள். அதே 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஜப்பானிலிருந்து ஆண்டுக்கு 185 பேர் மட்டுமே குடியேறலாம் என்று வரம்பும் கட்டியது. மனம் எவ்வளவு திறந்தது என்று அறிய விரும்புவோர் அந்த எண்ணைப் பார்த்தாலே போதும்.

பினாங்குக்காரன் எழுதியது:

பொறுத்துக்கொள்ளுங்கள், ஐயா. எங்கள் குடும்பங்களில் ஜப்பானியர் ஆட்சி என்றாலே சயாம் மரண ரயில்பாதைதான் நினைவுக்கு வரும். தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. இழந்தவர்கள் நாங்களும்தான். மன்னிக்கும் உரிமை அமெரிக்கருக்கு மட்டும் எப்படிப் போயிற்று என்ற கேள்வி எங்கள் பெரியவர்களிடம் இருந்தது. ஜப்பானோடு செய்த 1951 அமைதி உடன்படிக்கையில் இழப்பீட்டை ஏன் விட்டுக்கொடுத்தார்கள் என்று யாராவது விளக்க முடியுமா?

கடலோடி எழுதியது:

நியாயமான கேள்வி. இழையின் பொருளுக்கு உட்பட்டதும்கூட.

1951 செப்டம்பர் 8 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கையொப்பமான உடன்படிக்கையின் 14ஆவது பிரிவு, ஜப்பான் இழப்பீடு தர வேண்டும் என்று கொள்கையளவில் ஒப்புக்கொண்டு, முழுதாகத் தரும் வலிமை அதற்கு இல்லை என்று அடுத்த வரியிலேயே சொல்லி, நேசநாடுகளின் பெரும்பாலான உரிமைக் கோரிக்கைகளைக் கைவிடச் செய்தது. அதை வடிவமைத்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸின் கணக்கு எளியது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனிமீது ஏற்றிய கடன் என்ன விளைவித்தது என்பதை அவர் அறிவார். ஜப்பானுக்கு அமெரிக்கப் பணத்தையே கொட்டிக்கொண்டிருந்த நிலையில், ஜப்பான் கொடுக்கும் இழப்பீட்டையும் கடைசியில் அமெரிக்க வரிசெலுத்துவோரே சுமக்க நேரும் என்பதையும் அறிவார். எல்லாவற்றுக்கும் மேலாக, உடன்படிக்கை கையொப்பமான அதே நாளில் அமெரிக்கத் தளங்கள் ஜப்பானில் நீடிப்பதற்கான பாதுகாப்பு ஒப்பந்தமும் கையொப்பமாயிற்று. ஆகவே அதை மன்னிப்பு என்று கருத வேண்டாம். பிறருடைய காயங்களுக்கும் சேர்த்து ஒருவர் கணக்கை முடித்தார். உங்கள் பெரியவர்களின் கேள்வி அதனால்தான் இன்னும் நிற்கிறது.

செங்காந்தள் ஐயத்துக்கு ஒரு சொல்: ஹூட் ரிவர் சான்று என் கருத்தை நகர்த்தியிருக்கிறது. அமெரிக்கப் படையில் சேர்ந்து உயிர்கொடுத்தவனைப் பற்றிய எண்ணம் பனிப்போருக்கு முன்பே மாறத் தொடங்கிவிட்டது. ஆனால் எதிரி நாட்டின் குடிமகனை, அதிலும் அணுகுண்டால் எரிந்தவளை, மனிதப் பிறவியாகப் பார்ப்பது அதைவிடக் கடினமானது. அது எப்போது நடந்தது?

செங்காந்தள் எழுதியது:

அதற்கு ஒரு நாளையே குறிப்பிடலாம். 1955 மே 11.

ஹிரோஷிமா குண்டால் முகமும் கைகளும் உருக்குலைந்த 25 இளம்பெண்கள், நார்மன் கசின்ஸ் என்ற இதழாசிரியரும் கியோஷி தனிமோட்டோ என்ற ஹிரோஷிமா போதகரும் எடுத்த முயற்சியால், அறுவைச் சிகிச்சைக்காக அந்த மாதம் அமெரிக்கா வந்தார்கள். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனை கட்டணமின்றிச் சிகிச்சை அளித்தது. மருத்துவமனையில் இல்லாத நாட்களில் அவர்களைத் தங்கள் வீடுகளில் மகள்களைப் போல வைத்துக்கொண்டவர்கள் குவேக்கர் சமயக் குடும்பத்தினர்.

மே 11 இரவு தனிமோட்டோவின் வாழ்க்கையைச் சொல்லும் தொலைக்காட்சி நிகழ்ச்சி நேரலையாக ஒளிபரப்பானது. அவருக்கு முன்கூட்டி எதையும் சொல்லவில்லை. திடீரென்று திரைக்குப் பின்னாலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் ராபர்ட் லூயிஸ். ஹிரோஷிமாமீது குண்டு வீசிய எனோலா கே விமானத்தின் துணை விமானி. குண்டை வீசிய விமானத்தில் இருந்தவரும் குண்டுக்கு அடியில் இருந்தவரும் கைகுலுக்கினார்கள். லூயிஸ் நெற்றியைக் கையால் அழுத்திக்கொண்டு, குரல் தடுமாறப் பேசினார். விமானக் குழுவினர் சார்பாக நன்கொடை ஒன்றையும் கொடுத்தார். வந்திருந்த பெண்களில் இருவரை ஒரு மறைப்புக்குப் பின்னே நிறுத்தி நிழலுருவமாக மட்டுமே காட்டினார்கள். இடையிடையே நகப்பூச்சு விளம்பரம் வந்துபோனது.

அந்த மறைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சினம் வருகிறது. முகத்தைக் காட்டினால் பார்ப்பவர்கள் சங்கடப்படுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். பொறுப்பேற்காமல் இரக்கம் காட்ட விரும்பியவர்களுக்கு அந்த நிழல் வசதியாக இருந்தது. அமெரிக்க அரசும் இந்த முயற்சியைத் தன்னுடையதாக ஏற்கவில்லை. ஆனால் அந்தக் குவேக்கர் வீடுகளை இதே தராசில் நான் நிறுக்க மாட்டேன். அவர்கள் அந்த முகங்களை நாள்தோறும் காலை உணவு மேசையில் நேராகப் பார்த்தார்கள். 1956இல் அறுவைச் சிகிச்சையின்போது ஒரு பெண் இறந்தபோது சொந்த வீட்டுச் சாவாக அழுதார்கள். அரசின் கணக்கு வேறு, அந்த வீடுகளின் அன்பு வேறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதுதான் இவ்விழையின் சிக்கல் என்று நினைக்கிறேன்.

ஏடறிவோன் எழுதியது:

அந்த அன்பு எவ்வளவு ஆழம் போயிற்று என்பதை 1980களில் பார்த்தோம். எரிபொருள் விலை ஏறி, சிறிய ஜப்பானியக் கார்கள் விற்பனையாகி, டெட்ராய்ட்டில் ஆலைகள் மூடப்பட்டபோது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய வசைகளெல்லாம் திரும்பி வந்தன. 1982 ஜூனில் அந்நகரையொட்டிய ஹைலண்ட் பார்க்கில் வின்சென்ட் சின் என்ற இளைஞரைக் கார் தொழிலில் இருந்த இருவர் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். உங்களால்தான் எங்களுக்கு வேலை போயிற்று என்று அவர்கள் கத்தியதாகச் சாட்சியம் உண்டு. அவரோ சீன வழியினர். கொலையாளிகளுக்கு மாநில நீதிமன்றம் விதித்தது மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் ஆளுக்கு 3,000 டாலர் அபராதமும், சிறையில்லை. 1987இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் தலைநகரின் கேபிடல் கட்டடத்துக்கு முன்னாலேயே தோஷிபா வானொலிப் பெட்டியைச் சம்மட்டியால் உடைத்தார்கள்.

கடலோடியின் கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது. சோவியத்தை எதிர்க்கத் துணை வேண்டியிருந்தவரை ஜப்பான் நல்ல பிள்ளை. சந்தையில் போட்டியாளனான அன்றே மீண்டும் பழைய முகம்.

செங்காந்தள் எழுதியது:

வலுச் சேர்க்கிறது என்பதோடு நிறுத்த முடியாது, ஏடறிவோன். தோஷிபா வானொலியை உடைத்த அதற்கு அடுத்த ஆண்டே, 1988 ஆகஸ்டு 10 அன்று, முகாம்களில் அடைக்கப்பட்டு உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரும் அரசின் மன்னிப்பும் வழங்கும் சட்டத்தில் ரீகன் கையொப்பமிட்டார். ஜப்பான் நாட்டின்மீது சினம் உச்சத்தில் இருந்தபோதே இது எப்படி நடந்தது?

1945 டிசம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் டால்பர்ட் என்ற சிற்றூரில், ஒரு சிறு மரவீட்டின் தாழ்வாரத்தில் ஜெனரல் ஸ்டில்வெல் நின்றார். இத்தாலியில் இறந்த கசுவோ மசுதாவின் வீரப்பதக்கத்தை அவருடைய தங்கை மேரியிடம் ஒப்படைத்தார். முகாமிலிருந்து ஊர் திரும்பிய மேரியை மிரட்டி விரட்டப் பார்த்தவர்கள் இருந்த ஊர் அது. அன்றைய கூட்டத்தில், கடற்கரை மணலில் ஊறிய குருதிக்கு ஒரே நிறம்தான் என்று பேசியவர் படையில் கேப்டனாக இருந்த இளம் நடிகர் ரொனால்ட் ரீகன். 43 ஆண்டுகள் கழித்து இழப்பீட்டுச் சட்டத்தில் கையொப்பமிடும் மேடையில் அவரே அந்த நாளை எடுத்துச் சொன்னார்.

ஆனால் ரீகனின் நினைவாற்றலால் சட்டம் வந்துவிடவில்லை. அவருடைய நிர்வாகமே முதலில் அதை எதிர்த்தது. ஜப்பானிய அமெரிக்கர்களின் பிள்ளைகள் 1970களிலிருந்து பெற்றோரின் மௌனத்தை உடைத்து, ஆவணக் காப்பகங்களைத் துருவினார்கள். விசாரணை ஆணையத்தின் முன் முதியவர்கள் முதன்முறையாக வாய் திறந்து அழுதார்கள். இன வெறுப்பு, போர்க்கால வெறி, அரசியல் தலைமையின் தோல்வி ஆகிய மூன்றுமே காரணம் என்று 1983இல் ஆணையம் எழுதியது. அதே ஆண்டில், முகாமுக்குப் போக மறுத்த ஃபிரெட் கோரமட்சுவின் பழைய தண்டனையை நீதிமன்றம் நீக்கியது. இறுதியில் 82,000க்கும் மேற்பட்டோர் இழப்பீடு பெற்றார்கள். இதில் பனிப்போருக்கு என்ன பங்கு?

கடலோடி எழுதியது:

பங்கு இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அந்தச் சட்டம் அமெரிக்கர் அமெரிக்கருக்குச் செய்த அநீதியை ஏற்றது. அமெரிக்கர் ஜப்பானியருக்குச் செய்ததைப் பற்றி அது பேசவில்லை. அந்த இடத்தில் மனம் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதற்கு அணுகுண்டைப் பற்றிய கணிப்புகளே சான்று. 1945 ஆகஸ்டில் கேலப் கேட்டபோது 85 சதவீதத்தினர் குண்டு வீசியதை ஆதரித்தனர். 70 ஆண்டுகள் கழித்து, 2015இல் பியூ மையம் கேட்டபோதும் 56 சதவீதத்தினர் நியாயமே என்றனர். அதே கணிப்பில் ஜப்பானை நம்பலாம் என்று சொன்ன அமெரிக்கர் 68 சதவீதம். 2016 மே மாதம் ஒபாமா ஹிரோஷிமா சென்றபோது மன்னிப்புக் கேட்கமாட்டார் என்று வெள்ளை மாளிகை முன்கூட்டியே அறிவிக்க வேண்டியிருந்தது.

வயதைக் கொண்டு பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 65 வயதைக் கடந்தோரில் 70 சதவீதம் பேர் குண்டை நியாயப்படுத்தினார்கள். 30 வயதுக்குட்பட்டோரில் 47 சதவீதம் பேர்தான். முதியவர்கள் மனம் மாறியதாக நான் கருதவில்லை. வேறு மனத்தோடு இளையவர்கள் வந்திருக்கிறார்கள். வழிப்போக்கன் இதை மறுப்பார் என்று எதிர்பார்க்கிறேன்.

வழிப்போக்கன் எழுதியது:

பாதி மறுக்கிறேன். இளையவர்கள் தானாக வேறு மனத்தோடு வரவில்லை. முகாம்களைப் பற்றிப் பாடநூலில் எழுத வைத்தவர்களும், முகாம்களில் ஒன்று இருந்த மன்சானாரை 1992இல் தேசிய வரலாற்றுத் தலமாக்க வைத்தவர்களும், அதற்கு முன் 1969 முதல் ஆண்டுதோறும் அங்கே நினைவுப் பயணம் போனவர்களும் முகாமில் இருந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். ஹிரோஷிமாவுக்கு அப்படி அமெரிக்க மண்ணில் வாதாட ஆளில்லை. 1995இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் எனோலா கே விமானத்தோடு, குண்டால் அடிபட்டவர்களின் நிலையையும் காட்ட முயன்றபோது, முன்னாள் படைவீரர் அமைப்புகளும் நாடாளுமன்றமும் எதிர்த்து அதைச் சுருக்க வைத்தன. அந்த அருங்காட்சியகத்தின் இயக்குநரே பதவி விலகினார். முகாம் விஷயத்தில் மாறிய அளவுக்கு அணுகுண்டு விஷயத்தில் அமெரிக்கர் மனம் மாறாததற்கு இதுவே காரணம் என்பேன்.